தனி இடைமுகமும் தாமதமாகும் ஆண்ட்ராய்டும்: ஃபோன் நிறுவனங்களின் மென்பொருள் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆண்ட்ராய்டு ஃபோன் தயாரிக்கும் நிறுவனங்களின் மென்பொருள் பொறியாளர்களுக்கும், வடிவமைப்பாளர்களுக்கும், அவர்களுடைய வேலைத்திட்டத்தை வகுக்கும் மேலாளர்களுக்கும்,

ஒரு ஆண்ட்ராய்டு ஃபோனுக்கு அடுத்த பதிப்பு எப்போது வரும், வருமா வராதா என்பதைத் தீர்மானிக்கும் பெரிய காரணங்களில் ஒன்று, நிறுவனம் அதன்மேல் போட்டிருக்கும் தனி இடைமுகம். சாம்சங்கின் ஒன் யூஐ, ஷியோமியின் ஹைப்பர்ஓஎஸ், ஒன்பிளஸ்ஸின் ஆக்சிஜன்ஓஎஸ், ஓப்போவின் கலர்ஓஎஸ் என்று பெயர்கள் பல. அடியில் ஓடுவது ஒரே ஆண்ட்ராய்டு. கூகுள் அதன் மூலநிரலை வெளியிடும் நாள் எல்லோருக்கும் பொதுவானது. அந்தப் பதிப்பு ஃபோனை வாங்கியவர் கைக்கு வந்துசேர ஒரு நிறுவனத்துக்குச் சில வாரங்கள் ஆகின்றன, இன்னொன்றுக்குப் பல மாதங்கள் ஆகின்றன. சில மாடல்களுக்கு அது வருவதே இல்லை.

தனி இடைமுகம் தோன்றியதற்கு நியாயமான காரணம் இருந்தது. எச்டிசி தயாரித்த முதல் ஆண்ட்ராய்டு ஃபோனான டி-மொபைல் ஜி1 2008 அக்டோபரில் விற்பனைக்கு வந்தபோது, இயங்குதளம் வெறும் எலும்புக்கூடாகத்தான் இருந்தது. திரையில் தட்டச்சு செய்ய விசைப்பலகைகூட அதில் கிடையாது. குறைகளை நிரப்பும் வேலை தயாரிப்பாளர்கள் தலையில் விழுந்தது. 2009இல் எச்டிசி ஹீரோ சென்ஸ் இடைமுகத்தோடு வந்தது. அதே ஆண்டில் மோட்டோரோலாவின் மோட்டோபிளர் வந்தது. 2010இல் சாம்சங்கின் முதல் கேலக்ஸி எஸ் டச்விஸ் இடைமுகத்தோடு வந்தது. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதி அப்பாச்சி உரிமத்தின்கீழ் வெளியாவதால், செய்த மாற்றங்களைத் திருப்பித் தரவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. லினக்ஸ் கர்னலுக்குச் செய்த மாற்றங்களை வெளியிட்டாக வேண்டும். மற்றதையெல்லாம் பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தன் மாற்றங்களைத் தானே சுமந்தது. பதிப்புக்குப் பதிப்பு சுமை கூடியது.

அந்தச் சுமையின் எடை, மாற்றம் எந்த அடுக்கில் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தது. முகப்புத்திரை, ஐகான்கள், வால்பேப்பர், கேலரி, நோட்ஸ் எல்லாம் செயலிகள். அடியில் இருக்கும் பதிப்பு மாறினாலும் சின்னத் திருத்தங்களோடு அவை தொடர்ந்து ஓடும். நோட்டிஃபிகேஷன் பலகையும் பூட்டுத்திரையும் அதற்குக் கீழே, சிஸ்டம்யூஐ என்ற தொகுதியில் இருக்கின்றன. அதற்கும் கீழே ஃபிரேம்வொர்க்: சாளரங்களை அடுக்குவது, அனுமதிகளைக் காப்பது, பின்னணியில் எந்தச் செயலி ஓடலாம் என்று முடிவு செய்வது எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. மேல் அடுக்கில் செய்யும் மாற்றம் சட்டைக்கு மேல் துண்டு போட்டுக்கொள்வது. கீழ் அடுக்கில் செய்யும் மாற்றம் சட்டையின் தையலைப் பிரித்துத் தைப்பது.

நோட்டிஃபிகேஷன் பலகையையே எடுத்துக்கொள்ளலாம். மேலிருந்து விரலால் இழுத்தால் இறங்குகிற அந்தப் பலகையில் வைஃபை, ப்ளூடூத், டார்ச் பொத்தான்களைத் தன் பாணியில் அடுக்க விரும்பும் நிறுவனம், கூகுள் எழுதிய கோப்புகளுக்குள்ளேயே தன் வரிகளைச் சேர்க்கிறது. அடுத்த ஆண்டு கூகுள் அதே கோப்பை இரண்டாகப் பிரிக்கிறது. அல்லது அதை நீக்கிவிட்டு வேறு முறையில் புதிதாக எழுதுகிறது. சேர்த்த வரிகளுக்கு உட்கார இடமில்லை. ஒவ்வொரு மோதலையும் ஒரு பொறியாளர் திறந்து பார்த்து, பழைய வரி எதற்காக எழுதப்பட்டது என்று கண்டுபிடித்து, புதிய அமைப்பில் அதற்கு இடம் தேட வேண்டும். எழுதியவர் வேலையை விட்டுப் போயிருந்தால் தேடல் இன்னும் நீளும். ஒரு பலகைக்கே இப்படி. ஃபிரேம்வொர்க் முழுதும் பரவிய மாற்றங்களுக்கு இதே வேலை பல மடங்கு. பிறகு அதை நிறுவனம் விற்கும் ஒவ்வொரு மாடலிலும் சோதிக்க வேண்டும்.

சாம்சங் 2012இல் கேலக்ஸி நோட் வரிசையில் ஒரே திரையில் இரண்டு செயலிகளை ஓடவிடும் வசதியைத் தந்தது. உண்மையிலேயே பயனுள்ள வசதி அது. கூகுளைவிட நான்கு ஆண்டு முந்தியது. 2016இல் ஆண்ட்ராய்டு 7 தனக்கென்று ஒரு பிளவுத்திரை முறையோடு வந்தபோது, ஒரே வேலையைச் செய்யும் இரண்டு அமைப்புகளை ஒன்றாக்க வேண்டிய நிலை சாம்சங் பொறியாளர்களுக்கு ஏற்பட்டது. முந்திக்கொண்டு நல்ல வசதியைத் தருகிற நிறுவனமும் அதற்கான விலையை அடுத்த பதிப்பில் கொடுக்கிறது. இதற்கு மாறான வழியைச் சோனி காட்டியது. ஃபோனின் நிறங்களையும் வடிவங்களையும் மூலநிரலைத் தொடாமல் மேலிருந்தே மாற்றும் ஒரு முறையை அது உருவாக்கி, பூட்டி வைக்காமல் ஆண்ட்ராய்டுக்கே கொடுத்தது. அதன்பின் அந்த முறையைப் பதிப்புதோறும் பராமரிக்கும் வேலை பொதுவான மூலநிரலின் பொறுப்பாயிற்று. எந்த நிறுவனமும் இன்று அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

இடைமுகத்தின் எடையை மட்டும் தனியே பிரித்து அளப்பது கடினம். சிப், நினைவகம், விற்பனை எண்ணிக்கை என்று பல காரணங்கள் பின்னிக் கிடக்கின்றன. ஆனாலும் ஏறத்தாழ ஒரே வன்பொருளில், ஒன்று தனி இடைமுகத்தோடும் மற்றொன்று அது இல்லாமலும் வந்த இரட்டை ஃபோன்கள் சில உண்டு. அவை சொல்வது தெளிவாக இருக்கிறது.

முதல் இரட்டையர் எச்டிசி தயாரித்த நெக்சஸ் ஒன்னும் எச்டிசி டிசையரும். இரண்டும் 2010இல் வந்தவை. இரண்டிலும் ஒரு கிகாஹெர்ட்ஸ் ஸ்னாப்டிராகன் சிப். உள்சேமிப்பு இரண்டிலும் 512 எம்பி. நெக்சஸ் ஒன் தூய ஆண்ட்ராய்டில் ஓடியது; இயங்குதளத்துக்கு அதில் ஒதுக்கப்பட்ட இடம் சுமார் 145 எம்பி. சென்ஸ் இடைமுகத்தைச் சுமந்த டிசையரில் அந்த இடம் சுமார் 250 எம்பி. செயலிகளுக்கு மிஞ்சியது 150 எம்பிக்கும் குறைவு. பத்துப் பன்னிரண்டு செயலிகள் போட்டதும் ‘இடமில்லை’ என்ற எச்சரிக்கை வந்துவிடும். 2011 பிப்ரவரியில் நெக்சஸ் ஒன்னுக்கு ஆண்ட்ராய்டு 2.3 வந்தது. ஜூன் மாதம் டிசையர் வைத்திருந்தவர்களுக்கு எச்டிசி ஒரு செய்தி சொன்னது: புதிய பதிப்பையும் சென்ஸையும் ஒருசேர வைக்க நினைவகம் போதாது, எனவே டிசையருக்கு 2.3 இல்லை. கூகுளின் பதிப்பு சிறிய இடத்திலேயே அடங்கியிருந்தது. இடம் போதாமல் போனது நிறுவனம் தானே எழுதிய அடுக்குக்கு. எதிர்ப்பு எழுந்ததும் மறுநாளே முடிவு மாறியது. ஆகஸ்ட்டில் அப்டேட் வெளியானபோது அது டெவலப்பர்களுக்கான இணையதளத்தில் வைக்கப்பட்டிருந்தது. விவரம் தெரிந்தவர்கள் மட்டும் போட்டுக்கொள்ளலாம், சில செயலிகள் இருக்காது என்ற எச்சரிக்கையும் கூட இருந்தது. சாதாரணமாக வாங்கியவருக்கு அது வராததற்குச் சமம்.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னும் பெரிய அளவில் இதே கதை நடந்தது. கோடிக்கும் மேல் விற்ற முதல் கேலக்ஸி எஸ்ஸுக்கு ஆண்ட்ராய்டு 4.0 கிடைக்காது என்று சாம்சங் அறிவித்தது. டச்விஸ்ஸையும் கூடவே வரும் மென்பொருள்களையும் வைத்துக்கொண்டு புதிய பதிப்பை ஓட்ட நினைவகம் போதாது என்பதே சொல்லப்பட்ட காரணம். அந்த ஃபோனின் இரட்டைப் பிறவியான நெக்சஸ் எஸ்ஸைத் தயாரித்ததும் சாம்சங்தான். அதே ஹம்மிங்பேர்டு சிப், அதே 512 எம்பி ரேம். நெக்சஸ் எஸ்ஸுக்கு 4.0 வந்தது. ஊதியம் இல்லாத தன்னார்வலர்கள் சயனோஜென்மாட் என்ற திட்டத்தின் வழியாகக் கேலக்ஸி எஸ்ஸிலும் அதே 4.0ஐ ஓட்டிக் காட்டினார்கள். ‘வன்பொருள் தாங்காது’ என்று ஒரு நிறுவனம் சொல்லும்போது, எதைத் தாங்காது என்று கேட்கும் பழக்கம் ஆண்ட்ராய்டு பயனர்களுக்கு அந்த நாட்களில் வந்தது. அது நியாயமான கேள்வி.

மூன்றாவது இணை இந்திய வாசகர்களுக்கு நன்கு தெரிந்தது. 2017 செப்டம்பரில் ஷியோமி இந்தியாவில் அறிமுகப்படுத்திய மி ஏ1, சீனாவில் விற்ற மி 5எக்ஸ்ஸின் மறுவடிவம். முன்னது கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் இடைமுகம் ஏதுமில்லாமல் வந்தது. பின்னது ஷியோமியின் அன்றைய இடைமுகமான எம்ஐயூஐயோடு வந்தது. இரண்டும் ஆண்ட்ராய்டு 7இல் தொடங்கின. ஏ1 ஒன்பதாம் பதிப்பு வரை போனது. 5எக்ஸ் எட்டாம் பதிப்போடு நின்றது.

எல்லாப் பழியையும் இடைமுகத்தின்மேல் போடுவதும் தவறு. 2011இல் வந்த கேலக்ஸி நெக்சஸில் கூகுளின் தூய ஆண்ட்ராய்டைத் தவிர வேறெதுவும் இல்லை. அப்படியிருந்தும் 2013இல் ஆண்ட்ராய்டு 4.4 அதற்கு மறுக்கப்பட்டது. அதன் சிப்பைத் தயாரித்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் அதற்குள் ஃபோன் சிப் தொழிலை விட்டு விலகியிருந்தது. கூகுள் மூலநிரலை வெளியிட்டபின் குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் அதைத் தங்கள் சிப்புக்கு ஏற்பச் சீர்செய்து தந்தால்தான் ஃபோன் நிறுவனத்தின் முறையே வரும். அதற்குப் பின் சில நாடுகளில் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் ஒப்புதலும் வேண்டும். சங்கிலியின் எந்தக் கண்ணி அறுந்தாலும் அப்டேட் நிற்கும்.

இந்தச் சங்கிலியைச் சரிசெய்யக் கூகுள் முதலில் வாக்குறுதிகளை நம்பியது. 2011 மே மாதம் தன் ஆண்டு மாநாட்டில் சாம்சங், எச்டிசி, எல்ஜி, மோட்டோரோலா, சோனி எரிக்சன் ஆகியவற்றைச் சேர்த்துக்கொண்டு, புதிய ஃபோன்களுக்கு 18 மாதம் அப்டேட் தரப்படும் என்று அறிவித்தது. அந்த உடன்பாடு சத்தமில்லாமல் மறைந்தது. பலன் தந்தது கட்டமைப்பு மாற்றம்தான். 2017இல் ஆண்ட்ராய்டு 8ஓடு வந்த ப்ராஜெக்ட் ட்ரெபிள், சிப்புக்குரிய நிரலைத் தனிப் பகுதியில் பிரித்து வைத்து, அதற்கும் ஆண்ட்ராய்டுக்கும் நடுவே நிலையான ஓர் இணைப்பு வரையறையை ஏற்படுத்தியது. மேலே உள்ள ஆண்ட்ராய்டு மாறினாலும் கீழே உள்ள சிப் நிரலை உடனே தொடவேண்டியதில்லை என்றாயிற்று. 2018 ஜூலையில், அடுத்த பதிப்பு வருவதற்குச் சற்றுமுன், ஆண்ட்ராய்டு 8 சென்று சேர்ந்திருந்த ஃபோன்கள் 8.9 சதவீதம். ஓராண்டு கழித்து அதே கட்டத்தில் ஆண்ட்ராய்டு 9 22.6 சதவீத ஃபோன்களில் இருந்தது. கூகுளே வெளியிட்ட கணக்கு இது. 2019இல் ஆண்ட்ராய்டு 10ஓடு மெயின்லைன் வந்தது. ஊடகக் கோப்புகளைக் கையாளும் பகுதி உட்பட இயங்குதளத்தின் சில உறுப்புகள் அதன்பின் ப்ளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கப்படுகின்றன. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது அந்த ஊடகப் பகுதியில்தான். ஓர் எம்எம்எஸ் செய்தியாலேயே ஃபோனைக் கைப்பற்ற முடியும் என்று அப்போது தெரியவந்து, கூகுளின் மாதாந்தரப் பாதுகாப்புத் திருத்தங்கள் தொடங்கின.

இவ்வளவும் நடந்தபின் கணக்கு மாறிவிட்டது. சிப் நிறுவனத்தைக் காரணம் காட்டும் இடம் சுருங்கிவிட்டது. மிஞ்சுகிற தாமதத்தில் பெரும்பங்கு இடைமுக வேலையினுடையது. இதற்கு அண்மைச் சான்று ஒன் யூஐ. ஆண்ட்ராய்டு 13 மூலநிரல் 2022 ஆகஸ்ட்டில் வந்தது. கேலக்ஸி எஸ்22க்கு அது அக்டோபரில் வந்தது. ஆண்ட்ராய்டு 14 2023 அக்டோபர் தொடக்கத்தில் வெளியாகி, அந்த மாதம் முடிவதற்குள் சாம்சங்கின் முதன்மை ஃபோன்களை எட்டிவிட்டது. ஆண்ட்ராய்டு 15 மூலநிரல் 2024 செப்டம்பரில் வெளியானது. கேலக்ஸி எஸ்24 வைத்திருந்தவர்களுக்கு அது 2025 ஏப்ரலில்தான் கிடைக்கத் தொடங்கியது. ஏழு மாதம். அந்த ஆண்டு சாம்சங் ஒன் யூஐ 7 என்ற பெயரில் இடைமுகத்தைப் பெரிய அளவில் திருத்தி வரைந்திருந்தது. நோட்டிஃபிகேஷன் பலகை இரண்டாகப் பிரிந்தது, ஐகான்கள் மாறின, பூட்டுத்திரையில் புதிய பட்டை வந்தது. அடுத்த பதிப்பான ஆண்ட்ராய்டு 16 2025 ஜூனில் வெளியாகி, இடைமுகத்தில் மாற்றம் குறைவாக இருந்த ஒன் யூஐ 8 வழியாகச் செப்டம்பரிலேயே வந்துவிட்டது. பொறியாளர்களின் திறமை இந்த இடைவெளியில் மாறவில்லை. திருத்தி வரையும் திட்டத்தோடு பதிப்பு உயர்வை ஒரே வண்டியில் ஏற்றியதுதான் வேறுபாடு.

அந்த ஏழு மாதமும் எஸ்24க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் மாதந்தோறும் வந்துகொண்டிருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ஆபத்து அங்கே இல்லை. ஆனால் பதிப்போடு வரும் புதிய தனியுரிமைக் கட்டுப்பாடுகளும் செயலிகளுக்கான புதிய வசதிகளும், ஐகானின் வளைவு முடிவாகும்வரை காத்துக்கிடந்தன. பயனர் கேட்டு ஏற்பட்ட காத்திருப்பு இல்லை அது.

ஒன்பிளஸ் இன்னொரு விதத்தில் அடிபட்டது. தூய ஆண்ட்ராய்டுக்கு நெருக்கமானது என்று பெயர் வாங்கிய ஆக்சிஜன்ஓஎஸ்ஸை 2021இல் ஓப்போவின் கலர்ஓஎஸ் அடித்தளத்துக்கு அந்த நிறுவனம் மாற்றியது. அந்த ஆண்டு டிசம்பரில் ஒன்பிளஸ் 9க்கு வந்த ஆக்சிஜன்ஓஎஸ் 12 அத்தனை பிழைகளோடு இருந்ததால் திரும்பப் பெறப்பட்டது.

இடைமுகப் பதிப்பு வேறு, ஆண்ட்ராய்டு பதிப்பு வேறு என்பது பெரும்பாலானவர்களுக்கு எட்டாமல் இருப்பதும் ஒரு சிக்கல். 2017 ஜனவரியில் இந்தியாவில் வந்து பெருவாரியாக விற்ற ரெட்மி நோட் 4 ஆண்ட்ராய்டு 6ஓடு வந்து, 7க்கு உயர்ந்து, அங்கேயே நின்றது. அதன்மேல் எம்ஐயூஐ மட்டும் 8இலிருந்து 11 வரை ஏறியது. ஃபோனின் விவரப் பக்கத்தில் பெரிய எழுத்தில் தெரிவது இடைமுகத்தின் எண். ஆண்ட்ராய்டின் எண்ணும் பாதுகாப்புத் திருத்தத்தின் தேதியும் அதற்குக் கீழே சின்ன எழுத்தில். ‘அப்டேட் வந்திருக்கிறது’ என்று மகிழ்ந்தவருக்கு இயங்குதளம் நின்ற இடத்திலேயே நிற்பது தெரியாது. பழைய ஃபோனுக்குப் புதிய வசதிகள் தருவது நல்ல காரியம். ஒரே ஃபோனில் இரண்டு வாட்ஸ்அப் கணக்கு வைப்பது, செயலிக்குப் பூட்டு போடுவது போன்றவற்றை இந்த இடைமுகங்கள் தந்தன. அவற்றுக்காகவே அந்த ஃபோன்களை வாங்கியவர்கள் உண்டு. ஆனால் செயலிகள் கேட்பது ஆண்ட்ராய்டின் எண்ணை. 2023 அக்டோபரில் ஆண்ட்ராய்டு 5.0க்குக் கீழே இருந்த ஃபோன்களில் வாட்ஸ்அப் நின்றது. அந்த ஃபோன்களில் இடைமுகத்தின் எண் என்ன என்று அது பார்க்கவில்லை.

அண்மைக்கால வாக்குறுதிகள் பெரியவை. 2023 அக்டோபரில் கூகுள் பிக்சல் 8க்கு ஏழு ஆண்டு அப்டேட் அறிவித்தது. 2024 ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24க்கு ஏழு பதிப்பு உயர்வுகள் என்றது. வரவேற்க வேண்டிய மாற்றம் இது. ஆனால் எத்தனை பதிப்பு என்று சொல்லும் அறிவிப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை மாதத்துக்குள் என்று சொல்வதில்லை. அந்த இடத்தைச் சட்டம் நிரப்பத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் நடப்பில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றிய விதியின்படி, இயங்குதள அப்டேட்டுகளை வழங்கும் நிறுவனம் ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தியபின் குறைந்தது ஐந்து ஆண்டு அவற்றைக் கட்டணமின்றித் தர வேண்டும். மூலநிரல் வெளியானதிலிருந்து பாதுகாப்பு அப்டேட்டுக்கு நான்கு மாதமும், புதிய வசதிகள் தரும் அப்டேட்டுக்கு ஆறு மாதமும் உச்சவரம்பு. இந்தியா போன்ற பெரும் சந்தைகளில் விற்கும் ஃபோன்களுக்கும் இதே கெடுவை நிறுவனங்கள் தாமாகவே ஏற்பது கடினமல்ல. ஐரோப்பாவுக்காக ஒருமுறை செய்த வேலையில் பெரும்பகுதி எல்லா நாட்டு மாடல்களுக்கும் பொதுவானதுதான்.

செய்யக்கூடியவை இன்னும் உள்ளன. அவை ஏற்கெனவே செய்து பார்க்கப்பட்டவை. மோட்டோரோலா 2013இல் மோட்டோ எக்ஸிலும் மோட்டோ ஜியிலும் தன் சொந்த வசதிகளில் பலவற்றைத் தனிச் செயலிகளாகப் பிரித்து ப்ளே ஸ்டோரில் வைத்தது; ஃபிரேம்வொர்க்கை அதிகம் தொடவில்லை. 2013 அக்டோபர் கடைசியில் வந்த ஆண்ட்ராய்டு 4.4 மூன்று வாரத்துக்குள் மோட்டோ எக்ஸை எட்டியது. விலை குறைந்த மோட்டோ ஜிக்கும் அதிக நாள் ஆகவில்லை. விலை உயர்ந்த ஃபோனுக்கு மட்டுமே விரைவான அப்டேட் சாத்தியம் என்ற வாதத்தை அந்த ஃபோன் உடைத்தது.

இடைமுகத்தின் பெரிய திருத்தங்களையும் ஆண்ட்ராய்டு பதிப்பு உயர்வையும் வெவ்வேறு மாதங்களில் வெளியிடலாம். பழைய தோற்றத்தோடு புதிய ஆண்ட்ராய்டு முதலில் வரட்டும். புதிய தோற்றம் தயாரானபோது வரட்டும். புதிய இடைமுகத்தைத் தாங்காத பழைய மாடலுக்கு, அதன் கனமான பகுதிகளை விட்டுவிட்டு மெலிந்த வடிவத்தைத் தரலாம். அப்படித் தரும்போது டெவலப்பர் தளத்தில் ஒளித்து வைக்காமல் வழக்கமான அப்டேட்டாகத் தர வேண்டும். விவரப் பக்கத்தில் ஆண்ட்ராய்டு எண்ணும் திருத்தத் தேதியும் இடைமுக எண்ணுக்குச் சமமான எழுத்தில் நிற்க வேண்டும். விற்கும் பெட்டியின்மேல் கடைசி அப்டேட் வரும் ஆண்டு அச்சாக வேண்டும்.

ஆதரவுக்காலம் முடிந்த மாடலுக்கு பூட்லோடரைத் திறக்கும் வழியும், கர்னலின் முழு மூலநிரலும், சிப்புக்குரிய நிரல் கோப்புகளும் தரப்பட வேண்டும். சயனோஜென்மாட் 2016 டிசம்பரில் நின்றபின் அதன் வழியில் வந்த லினியேஜ்ஓஎஸ் இன்றும் பல பழைய ஃபோன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டைத் தருகிறது. பூட்லோடர் திறக்காத மாடல்களை அந்தத் தன்னார்வலர்களால் தொடக்கூட முடிவதில்லை.